நூற்றொன்றாம் வீட்டுப் பால்கனியில் ஏறிய தண்ணீர்

மல்சுக் அக்கா பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் வேலை பார்ப்பவள். பிள்ளைகள் வந்து வரிசையில் நிற்பதற்குள் மலை மலையாகச் சோறு வடித்து, அண்டா அண்டாவாகச் சூப் வைத்து, எல்லாம் முடிந்தபின் அந்த அண்டாக்களைத் தேய்த்துக் கவிழ்க்க வேண்டும். குளிர்கால விடுமுறை வந்தால்தான் அவளுக்கு முதுகு நிமிரும். அந்த வருஷம் பள்ளிக்கூடம் மூடிய அன்று சாயங்காலம் படிக்கட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் நிறுத்திச் சொன்னாள்.

"ஜனவரி முழுக்க, அடியில சூடு ஓடுற நம்ம வீட்டுத் தரையை விட்டு எழுந்திருக்கப் போறதில்லடி. ஆரஞ்சுப் பெட்டி ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். உரிச்சுத் தின்னுக்கிட்டே டிவி பாக்கப்போறேன். யாராவது என்னைத் தேடி வந்தா ஊர்ல இல்லன்னு சொல்லிடு."

நான் அவளுக்கு எதிர்வீடு. அவள் நூற்றொன்று, நான் நூற்றிரண்டு. இரண்டும் தரைத்தளம். எங்கள் கட்டடம், மலைக்குளிருக்குப் பேர்போன ஜெச்சொன் ஊரின் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஐந்து தளம், லிஃப்ட் கிடையாது. மல்சுக் அக்காவின் கணவர் கித்தே அண்ணன் சிமெண்ட் லாரி ஓட்டி ஓட்டி முழங்கால் தேய்ந்துபோனவர். மாடி ஏற முடியாது என்றுதான் தரைத்தளமாகப் பார்த்து வாங்கினார்கள். வாங்கும்போது யாரும் அவர்களிடம் குழாயைப் பற்றிச் சொல்லவில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் கண்ணாடி அடைத்த பால்கனி இருக்கிறது. வாஷிங் மெஷின் அங்கேதான் நிற்கும். பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், தரையில் ஒரு வடிகால் ஓட்டை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் ஐந்து வீட்டுப் பால்கனித் தண்ணீரும் ஒரே குழாய் வழியாக இறங்கி, வெளிச்சுவரின் அடியில் முழங்கை மாதிரி வளைந்து சாக்கடைக்குப் போகும். எங்கள் வரிசைக் குழாய் கொதிகலன் அறைச் சுவரை ஒட்டி இறங்குவதால் எங்களுக்கு வம்பில்லை. மல்சுக் அக்கா வரிசைக் குழாய் வடக்கு மூலையில் வெயில் படாத சந்தில் இறங்குகிறது. கடுங்குளிரில் அந்த வளைவு உறைந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தபின் மேலிருந்து வருகிற தண்ணீருக்குப் போக ஒரே இடம்தான் உண்டு. தரைத்தளத்துப் பால்கனியின் ஓட்டை.

குளிர் அலை வருகிறது என்று செய்தியில் சொன்ன மறுநாள் காலையில், வீட்டுக்கு வீடு சுவரில் பதித்திருக்கும் ஒலிபெருக்கியில் கட்டட நிர்வாக அலுவலக மேனேஜரின் குரல் வந்தது. தண்ணீர்க் குழாய்கள் உறையாமலிருக்க எல்லோரும் தண்ணீர் நூல்போல விழும்படி குழாயைத் திறந்து வைக்க வேண்டும். வடிகால் குழாய் உறையும் அபாயம் இருப்பதால் பால்கனியில் யாரும் வாஷிங் மெஷின் ஓட்டக் கூடாது. மூச்சு விடாமல் படித்துவிட்டு நன்றி சொன்னார். வருஷா வருஷம் கேட்டுப் பழகிய சத்தம்தான். நான் சூப்பைக் கிண்டிக்கொண்டே கேட்டேன்.

குளிர் நன்றாக இறுகியபின் ஒரு காலையில் மல்சுக் அக்காவின் அலறல் கேட்டது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். சர்க்கரைவள்ளிக்கிழங்கு எடுக்கப் பால்கனிக் கதவைத் திறந்திருக்கிறாள். கணுக்காலுக்குத் தண்ணீர். அரிசி மூட்டை அடிப்பாகம் ஊறிக் கறுத்திருந்தது. ஆரஞ்சுப் பெட்டியின் அட்டை பிய்ந்து, பழங்கள் மிதந்துகொண்டிருந்தன. ஓரத்தில் ஏற்கெனவே கண்ணாடிபோலப் பனி கட்டத் தொடங்கியிருந்தது.

"எவளோ மெஷின் ஓட்டியிருக்கா! காலங்காத்தால ஒலிபெருக்கியில கத்துறாங்க, காதுல என்ன பஞ்சா அடைச்சிருக்கு?" என்று கத்திக்கொண்டே பிளாஸ்டிக் சட்டியால் மொண்டு வாளியில் ஊற்றினாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்க் குளியலறையில் கொட்டினேன்.

கித்தே அண்ணன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இந்தா, தண்ணியில நுரையே இல்லயே. சோப்பு வாசனையும் இல்ல."

"அலசின தண்ணி. வேறென்ன, மினரல் வாட்டரா அனுப்புவாங்க?"

"கோவத்துல மேல போகாதம்மா. கொஞ்சம் ஆறட்டும்."

"ஆறினா பனிக்கட்டியாயிடும்!"

அப்படியே ஈரக் கால்சட்டையோடு படியேறினாள். தனியாக விட்டால் என்ன ஆகுமோ என்று நானும் பின்னால் போனேன்.

முதலில் இருநூற்றொன்று. போரம் என்ற சின்னப் பெண், ரயில்வேயில் வேலை செய்யும் கணவன், இன்னும் நடக்கத் தொடங்காத ராவோன் என்ற ஆண் குழந்தை. கதவைத் திறந்ததுமே மல்சுக் அக்காவின் பார்வை கூடத்துக்குள் போயிற்று. அங்கே மடக்குக் கொடி நிறையக் குழந்தைத் துணி தொங்கியது.

"ராவோன் அம்மா, மெஷின் ஓட்டினியா?"

"இல்ல பெரியம்மா. ஓட்டக் கூடாதுன்னு சொன்னாங்களே."

"அப்ப கொடியில தொங்குறது என்ன, கருவாடா?"

"பாத்ரூம்ல கையால தோய்ச்சேன். தினம் அப்படித்தான் தோய்க்கிறேன். விரலப் பாருங்க, எல்லாம் வெடிச்சுக் கெடக்கு."

"விரல் எல்லாருக்குந்தான் வெடிக்குது. எனக்கு அரிசி மூட்டையே வெடிச்சுக் கெடக்கு. புள்ள இருக்குன்னா கீழ இருக்கிறவங்க மிதக்கணுமா?"

போரமுக்கு முகம் சிவந்துவிட்டது. குழந்தை அழ ஆரம்பித்தது. அவள் மறுபடியும், "நான் ஓட்டல, பெரியம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சாத்தின விதத்தில் ஒரு சத்தம் இருந்தது. மல்சுக் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பாத்தியா? குத்தம் உள்ள நெஞ்சு."

முந்நூற்றொன்றில் பியோ சார் இருந்தார். ஓய்வு பெற்ற வாத்தியார், எங்கள் கட்டடத்துக் குடியிருப்போர் சார்பில் பேசுகிறவர். மனைவி போனபின் தனியாக இருக்கிறார். வீட்டுக்குள்ளும் பொத்தான் போட்ட ஸ்வெட்டர்தான் போட்டிருப்பார்.

"நூத்தியொண்ணாம் வீட்டம்மா, படிக்கட்டுல ஒட்டியிருக்கிற அறிவிப்பைத் தூரிகை பிடிச்சு எழுதினதே நான்தான். எழுதினவனே ஓட்டுவானா?"

"ஓட்டுனீங்கன்னு சொல்லல சார். யாரு ஓட்டினதுன்னு கேக்க வந்தேன்."

"நான் விசாரிக்கிறேன். பேர் எதையும் சொல்ல விரும்பல. ஆனா கீழ் வீட்டுல ஒரு கைக்குழந்தை இருக்கு. கைக்குழந்தை இருக்கிற வீட்டுல துணி எவ்வளவு விழும்னு உங்களுக்குத் தெரியாததா?"

மல்சுக் அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. நானூற்றொன்று பூட்டிக் கிடந்தது. அந்த வீட்டுக்காரர் மகனோடு போய்விட்டார். மேல்தளத்தில் ஒரு பார்சல்காரத் தம்பி இருக்கிறான். அவன் வீட்டில் தூங்க மட்டுமே செய்வான், துணியைக் காசு போட்டுத் துவைக்கும் கடையில் போட்டுவிடுவான். ஆக, எங்கு சுற்றினாலும் போரம்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாளும் தண்ணீர் ஏறியது. அதற்கு மறுநாளும். ராத்திரி ஏறிய தண்ணீர் விடிவதற்குள் உறைந்து, அதன்மேல் அடுத்த தண்ணீர் ஏறி, வாஷிங் மெஷினின் கால்கள் பனியில் புதைந்தன. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினாள். சுத்தியலால் தட்டினாள். கொத்தினதை அள்ளிக் கொட்டிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். சற்று நேரத்தில் அந்த ஓட்டையிலிருந்து சின்னதாக ஒரு குமிழி வரும். பிறகு இன்னொன்று. அந்தக் குமிழியைப் பார்த்தாலே அவளுக்கு உடம்பெல்லாம் எரியும்.

அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கத்தினாள். நீராவி மெஷின் வைத்து உறைந்த குழாயை உருக்குகிறவர் ஊரில் எல்லாக் கட்டடத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கிறார், நம் பெயரும் வரிசையில் இருக்கிறது என்றார் மேனேஜர். ஜெச்சொனில் குளிர் அலை வந்தால் நீராவி மெஷின்காரரைப் பிடிப்பது மந்திரியைப் பிடிப்பதைவிடக் கஷ்டம்.

"வரிசையில எத்தனாவது?"

"அத அவருதான் சொல்லணும்மா."

"அவரு போனை எடுக்கிறாரா?"

"வேலையா இருப்பாரும்மா."

ஒருநாள் அவள் கடைக்குப் போயிருந்தாள். உதவி செய்யலாம் என்று கித்தே அண்ணன் சுத்தியலை எடுத்துக்கொண்டு பால்கனியில் காலை வைத்தார். நல்ல கால் வழுக்கி, கெட்ட கால் மடங்கி விழுந்தார். விழுந்த சத்தம் எங்கள் வீட்டுச் சுவர் வழியாகக் கேட்டது. நான் போய்த் தூக்கினேன். டாக்டரிடம் காட்டியதில் எலும்பு முறியவில்லை. ஆனால் முழங்கால் ஆவியில் வெந்த பன் மாதிரி உப்பிவிட்டது. மல்சுக் அக்கா அன்று யாரையும் திட்டவில்லை. அவரைச் சூடான தரையில் படுக்கவைத்து, போர்வையைச் சுருட்டிக் காலுக்கு அண்டை கொடுத்தாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு நேரே ஹார்டுவேர் கடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

கடைக்காரர் ஒரு ரப்பர் அடைப்பைக் காட்டினார். ஓட்டைக்குள் செருகி மேலே இருக்கும் திருகைத் திருப்பினால் ரப்பர் விரிந்து இறுகப் பிடித்துக்கொள்ளும்.

"இத மாட்டினா உங்க வீட்டுல ஒரு சொட்டு ஏறாது. ஆனா ஒண்ணு, அந்தத் தண்ணி எங்கயாவது போகணுமில்ல? அடுத்த மாடி ஓட்டையில ஏறும்."

"ஏறட்டும்."

"அக்கா..." என்றேன்.

"ஏறட்டும்ங்கிறேன். யாரு விடுறாங்களோ அவங்க வீட்டுலயே ஏறட்டும். அதுதான் நியாயம்."

அன்று சாயங்காலமே அடைப்பை மாட்டி, அழுந்தத் திருகி, போதாததற்குக் கிம்ச்சி ஊறுகாய் ஜாடியில் அழுத்தி வைக்கும் கல்லையும் அதன்மேல் வைத்தாள்.

மறுநாள் பால்கனி உலர்ந்து கிடந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். மிதந்து பிழைத்த ஆரஞ்சுகளைத் தட்டில் வைத்து உரித்துக் கொடுத்தாள். டிவியில் ஏதோ சமையல் நிகழ்ச்சி ஓடியது. கித்தே அண்ணன் காலை நீட்டிக்கொண்டு லேசாகக் குறட்டை விட்டார். விடுமுறை தொடங்கியதிலிருந்து அவள் அப்படிச் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

தட்டில் பாதி ஆரஞ்சு மிச்சமிருந்தது. கதவை யாரோ உள்ளங்கையால் அடித்தார்கள். போரம். முதுகில் குழந்தையைத் துணியால் கட்டியிருந்தாள். காலுறை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

"பெரியம்மா, எங்க பால்கனியில தண்ணி ஏறுது. ஓட்டையிலேருந்து ஏறுது. புள்ளையோட டயப்பர் கட்டெல்லாம் ஊறிப்போச்சு."

"ஓஹோ. இப்பத் தெரியுதா, எப்படி இருக்கும்னு?"

"நீங்க கீழ எதையாவது அடைச்சீங்களா?"

"அடைச்சேன். என் வீட்டு ஓட்டை, நான் அடைச்சேன். இனிமே மெஷின் ஓட்டுறவங்களே அனுபவிக்கட்டும்."

அந்த அமைதியான பெண் கத்தினாள். "நான் ஓட்டலன்னு எத்தனை தடவை சொல்றது! வந்து பாருங்க. என் மெஷினை வந்து தொட்டுப் பாருங்க. ஓட்டியிருந்தா நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன். வாங்க!"

போனோம். அவள் பால்கனியில் வாஷிங் மெஷின் பழைய கம்பளிக்குள் மூட்டையாகக் கட்டிக் கிடந்தது. தண்ணீர் வரும் ரப்பர்க் குழாயைக் கழற்றிச் சுருட்டி மூடியின்மேல் வைத்திருந்தாள். அதன்மேல் மெல்லிய தூசி படிந்திருந்தது. குளிர் தொடங்கியதிலிருந்து அந்த மெஷினை யாரும் தொட்டிருக்க முடியாது. மல்சுக் அக்கா அந்தத் தூசியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அப்போதுதான் எங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டது. சுவரோரக் குழாயிலிருந்து ஊசி நூல் கனத்துக்குத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நேராக ஓட்டைக்குள்.

"இது என்ன?"

"தொறந்து வெக்கச் சொன்னாங்களே. குழாய் உறையாம இருக்க."

"எப்பலேருந்து ஓடுது?"

"குளிர் ஆரம்பிச்சதுலேருந்து."

"ராவும் பகலுமா?"

"ராவும் பகலுமாத்தான். மூடினா உறைஞ்சிடும்ல?"

மல்சுக் அக்கா அந்த நூலுக்குக் கீழே உள்ளங்கையைக் குழித்துப் பிடித்தாள். சட்டென்று நிறையவில்லை. ஆனால் நிறைந்தது, வழிந்தது. அவள் அப்படியே நின்றாள். தன் வீட்டுப் பால்கனிக் குழாயை முதல் நாளே மூடி, உள்ளிருந்த தண்ணீரை வடித்து, கித்தே அண்ணனின் பழைய கம்பளிக் கால்சட்டையைச் சுற்றிக் கட்டி வைத்தவள் அவள். சமையலறைக் குழாயைத்தான் லேசாகத் திறந்துவிட்டிருந்தாள். மற்றவர்களும் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்திருக்கிறாள்.

"நுரையே இல்லன்னு அந்த மனுஷன் அன்னைக்கே சொன்னாரு," என்றாள் என்னிடம், மெதுவாக.

போரமைப் பார்த்து அவள் மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அலுவலகத்துக்கு அடித்தாள். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேனேஜர் சார், குழாயைத் தொறந்து விடுன்னும் சொல்றீங்க, பால்கனி ஓட்டையில தண்ணி விடாதேன்னும் சொல்றீங்க. பால்கனிக் குழாயைத் தொறந்தா தண்ணி எங்க போகும்? நின்னு குடிக்கவா?"

"பால்கனிக் குழாயைத் தொறக்கச் சொல்லலியேம்மா. குழாயைன்னுதான் சொன்னோம்."

"எந்தக் குழாய்ன்னு சொன்னீங்களா?"

"பொதுவா சொன்னோம்."

"பால்கனிக் குழாய்தானே முதல்ல உறையும்? ஜனங்க அதைத்தானே தொறப்பாங்க?"

"ரெண்டும் எங்களுக்கு எழுதி வந்த அறிவிப்பும்மா. வந்தத அப்படியே படிச்சேன்."

"ரெண்டையும் படிச்சீங்களே, சேத்து வெச்சு ஒரு தடவ யோசிச்சீங்களா?"

"வேற லைன் வருதும்மா," என்று மேனேஜர் வைத்துவிட்டார்.

போரம் வீட்டுக் குழாயை மூடினோம். வீட்டுக்குள் இருக்கும் வால்வை அடைத்து, குழாயில் மிச்சமிருந்ததை வடித்து, குழந்தையின் பழைய போர்வையைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பையைக் கட்டினாள் மல்சுக் அக்கா. குளியலறைத் தண்ணீர் வேறு குழாயில், சுவருக்குள்ளேயே இறங்குகிறது, அது உறையாது. நூல் தண்ணீரை அங்கே விடு என்றாள். இவ்வளவு செய்தும் ஓட்டையில் தண்ணீர் நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தோம்.

பியோ சார் கதவைத் திறந்து வழிவிட்டார். அவர் பால்கனியில் குழாய் நூல் கனத்தில் ஓடவில்லை. சாப்பிடும் குச்சி கனத்தில் ஓடியது.

"சார், அதைக் கொஞ்சம் மூடுங்க," என்றாள் மல்சுக் அக்கா.

"மூட முடியாது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மூடித்தான் வெச்சேன். குழாய் வெடிச்சு, கூடம் வரைக்கும் தண்ணி. திறந்து வெக்கச் சொல்லி அறிவிப்பு வந்திருக்கு. நான் அறிவிப்புப்படிதான் நடக்கிறேன்."

"துணியைச் சுத்திக் கட்டலாம். குளியலறையில தொறந்து விடலாம்."

"எங்க வீட்டுக் குழாய் வடக்குச் சுவர்ல இருக்கு. துணிக்கெல்லாம் அடங்காது. அலுவலகத்துலேருந்து மூடச் சொல்லி வந்தா மூடுறேன். இது ஒரு சின்ன நூல்மா. இதைப் போயி..."

போரம் முன்னால் வந்தாள். குழந்தை அவள் முதுகில் தூங்கிவிட்டிருந்தது.

"சார், கீழ் வீட்டுல கைக்குழந்தை இருக்குன்னு பெரியம்மாகிட்ட சொன்னீங்களாமே. அந்தக் குழந்தை வீட்டுல இப்ப உங்க தண்ணிதான் நிக்குது."

அவருக்கு அது உறைத்தது. காது சிவந்தது. ஆனாலும், "அறிவிப்பு மாறட்டும், பாக்கலாம்," என்று கதவைச் சாத்தினார்.

படியில் இறங்கும்போது போரம் கேட்டாள். "அந்த அடைப்பு எந்தக் கடையில கிடைக்கும் பெரியம்மா?"

தான் செய்ததை இன்னொருத்தி செய்யப்போகிறாள் என்பது மல்சுக் அக்காவுக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் டயப்பர் கட்டுகள் ஊறிக் கிடந்த அந்தப் பால்கனியை இப்போதுதான் பார்த்திருந்தாள். "வா, காட்டுறேன்," என்றாள். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும், "அடுத்த மாடியா?" என்று கேட்டு, நாங்கள் சொல்லுமுன்பே ஒன்றை எடுத்து வைத்தார்.

மறுநாள் பகலில் பியோ சார் இறங்கி வந்தார். மல்சுக் அக்கா இதற்காகவே இரண்டு வாக்கியம் தயாராக வைத்திருந்தாள். 'விசாரணை எந்த மட்டுல இருக்கு சார்' என்பது ஒன்று. எனக்கு முன்கூட்டியே சொல்லிக் காட்டிச் சிரித்திருந்தாள். ஆனால் அவர் நின்ற கோலத்தைப் பார்த்ததும் அவளுக்கு வரவில்லை. ஸ்வெட்டரில் பொத்தான்கள் தப்பித் தப்பி மாட்டியிருந்தன. கையில் ஒரு காகிதச் சுருள், நனைந்து தளர்ந்து தொங்கியது. தூரிகையால் எழுதிப் பழகுவதற்காக வாங்கிப் பால்கனி அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்த காகிதமாம். பாதிக்கு மேல் ஊறிவிட்டது. எழுதியவை சிலவும் அதில் போயின. என்ன எழுதியிருந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"மூடிட்டேன்," என்றார். "உங்க ரெண்டு பேருக்கும் திருப்திதானே?"

"திருப்தியா! சார், என் வீட்டுக்காரரு காலு உப்பிக் கெடக்காரு. இந்தப் பொண்ணு புள்ளையை முதுகுல கட்டிக்கிட்டு மொண்டு மொண்டு ஊத்தியிருக்கா. திருப்தின்னு யாரு சொன்னது?"

"அந்தக் குழாய் உறையும். சொல்லிட்டேன்."

மல்சுக் அக்காவே மேலே போய் அவர் குழாய்க்கும் துணி சுற்றினாள். அவர் கம்பளிக் கழுத்துத் துணி இரண்டு, அதன்மேல் போர்வை, அதன்மேல் பை. வேலை சுத்தமாகத்தான் செய்தாள். ஓட்டைகளில் தண்ணீர் ஏறுவதும் அன்றோடு நின்றது. ஆனாலும் விடிவதற்குள் அவர் குழாய் உறைந்துவிட்டது. வடக்குச் சுவர் துணிக்கு அடங்காது என்று அவர் சொன்னது சரியாகப் போயிற்று. பியோ சார் படிக்கட்டில் நின்று, உரக்கவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல், "நான் சொன்னேன்," என்றார்.

அன்று மல்சுக் அக்கா என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். பார்லித் தேநீரை ஊற்றி வைத்தேன். குடிக்கவில்லை.

"யாரையாவது ஒருத்தரைப் பிடிச்சு நல்லாத் திட்டணும்னு இருந்தேன்டி. அந்தப் பொண்ணு ஒரு தப்பும் பண்ணல. அந்த ஆளு சொன்னதும் சரியாப் போச்சு. மேனேஜர் வந்ததைப் படிச்சாரு. எல்லாரும் சொன்னபடி கேட்டிருக்காங்க. அப்புறம் எப்படி என் அரிசி நனைஞ்சுது?"

தேநீரைச் சூடாக்கி மறுபடியும் வைத்தேன்.

நீராவி மெஷின்காரர் கடைசியில் வந்தார், குளிர் தளர்ந்து கூரையில் பனி சொட்டத் தொடங்கிய நாளில். குழாயின் வாயில் ரப்பர்க் குழாயை நுழைத்து நீராவியை விட்டார். உள்ளிருந்து கை நீளத்துக்கு ஒரு பனித்துண்டு வழுக்கி வந்து தரையில் விழுந்து உடைந்தது. இவ்வளவுதானா என்று மல்சுக் அக்கா கேட்டாள். இவ்வளவுதான் என்று அவர் ரப்பர்க் குழாயைச் சுருட்டினார். இந்த வளைவில் மின்சாரச் சூட்டு ஒயர் சுற்றினால் அடுத்த வருஷம் என்னைக் கூப்பிட வேண்டியிருக்காது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

போரமிடம் மல்சுக் அக்கா மன்னிப்புக் கேட்டாள், தனக்குத் தெரிந்த வழியில். மாட்டிறைச்சி போட்டுக் கடற்பாசி சூப் ஒரு பானை வைத்து மாடிக்குக் கொண்டுபோனாள். "மீந்துபோச்சு, சாப்பிடு," என்று நீட்டியிருக்கிறாள். போரம் வாங்கிக்கொண்டாள்; உள்ளே வரச் சொல்லவில்லை. மறுநாள் பானை எங்கள் படிக்கட்டில், கழுவித் துடைத்து, வெறுமையாக இருந்தது.

"சரிதான். எனக்கு வேணும்," என்று பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வசந்தத்தில் குடியிருப்போர் கூட்டம் நடந்தது. சூட்டு ஒயர் போட வேண்டும் என்று பியோ சார் எழுந்து பேசினார். வாத்தியார் மாதிரி நிதானமாக, படம் வரைந்து காட்டிப் பேசினார். மற்ற வரிசைக்காரர்களுக்குக் குழாய் உறைவதில்லை. அவர்கள் கை தூக்கவில்லை. எங்கள் வரிசையிலும் உறைவதில்லை, ஆனால் நான் தூக்கினேன். போதவில்லை. மல்சுக் அக்கா, "அடுத்த குளிர்ல எல்லாரும் எங்க வீட்டுக்கு நீச்சலடிக்க வாங்க," என்று கத்திவிட்டு வெளியே வந்தாள். பின்னாலேயே போரம் வந்தாள். குழந்தையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். "நாமே போட்டுடலாம் பெரியம்மா. எங்க வீட்டுக்காரரு ஏணி கொண்டு வருவாரு," என்றாள். அந்தக் குளிருக்குப் பிறகு அவள் மல்சுக் அக்காவிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இலையுதிர்காலத்தின் கடைசியில் போட்டார்கள். போரமின் கணவர் ஏணியில் நின்று ஒயரைக் குழாயைச் சுற்றிச் சுற்றி இறக்கினார். கித்தே அண்ணன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நெருக்கமா சுத்துப்பா, நெருக்கமா சுத்து என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பியோ சார் மேலே பஞ்சுப் பட்டை வைத்து டேப் ஒட்டினார். பார்சல்காரத் தம்பிகூட அன்று வேலைக்குப் போகுமுன் ஒரு சுருள் டேப் கொடுத்துவிட்டுப் போனான். வேலை அழகாக இல்லை. குழாய் எலும்பு முறிந்து கட்டுப்போட்ட கால் மாதிரி இருந்தது.

எல்லாம் முடிந்தபின் ஒயரின் முனை மட்டும் தரையில் தொங்கியது. ஏணிக்காரர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இத எங்க சொருகுறது?"

பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு பால்கனி ஜன்னல்தான்.

"ஏன், தண்ணியும் எங்க வீட்டுக்கு, கரண்டும் எங்க வீட்டுலேருந்தா?" என்றாள் மல்சுக் அக்கா. ஒருவர் முகத்தையும் விடாமல் எல்லோரையும் ஒரு சுற்று முறைத்தாள். பிறகு ஏணிக்காரர் கையிலிருந்து ஒயரைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குள் போய், ஜன்னலைத் திறந்து, "இழுத்துக் குடுங்க, நின்னுக்கிட்டே இருந்தா எப்படி," என்றாள்.